மன்றத்தின் பொருள் நிரலை எழுதுவது யார்?

தனி வார்டில் ஒருவர் வென்று மன்றத்தில் அமர்ந்துவிட்டால் அந்த வார்டின் குரல் ஒலித்துவிடும் என்று நாம் நம்புகிறோம். மன்றத்தில் நடக்கும் வாக்கெடுப்போ கடைசிப் படி. எந்தப் பொருள் கூட்டத்துக்கு வருகிறது, ஊழியரின் நேரம் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பவை அதற்கு முந்தைய படிகள். சேரித் தெருக்களின் கோரிக்கைகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன.

1886இல் நகராட்சியான திருவண்ணாமலை, 39 வார்டுகளுடன் 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தலைச் சந்தித்தது. 2024 ஆகஸ்ட் 12 அன்று மாநகராட்சியாகத் தொடங்கிவைக்கப்பட்டது. பெயர்ப்பலகை மாறிய இந்தக் காலத்தில் மன்றத்தின் உள்வழிகளை அறிந்துகொள்வது அவசியம்.

இருக்கையைத் தந்த சட்டம்

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம், உறுப்பு 243டி வழியாகப் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்களை ஒதுக்கியது. பன்னிரண்டாவது அட்டவணை நகராட்சிகளுக்குரிய 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. குடிநீர், பொதுச் சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு ஆகியவை அவற்றுள் அடங்கும். இருக்கைக்கு ஒதுக்கீடு உண்டு. பொருள் நிரலுக்கு அப்படி எந்த ஒதுக்கீடும் இல்லை.

ஒரு பொருள் மன்றத்தை அடையும் வழி

தெருவில் கழிவுநீர்க் கால்வாய் வேண்டும் என்று ஒரு மனு வருகிறது. அது உரிய பிரிவுக்குச் செல்ல வேண்டும். பொறியாளர் நேரில் வந்து அளந்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அதன்மேல் அலுவலகக் குறிப்பு எழுதப்பட்டு, ஆணையர் வழியாகத் தலைவரிடமோ மேயரிடமோ போக வேண்டும். அதற்குப் பிறகே அது எண்ணிடப்பட்ட பொருளாகி, “மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்” வைக்கப்படும்.

இந்தச் சங்கிலியின் முதற்கண்ணி ஊழியரின் நேரம். அளக்க ஆள் வராத தெருவுக்கு மதிப்பீடு இல்லை; மதிப்பீடு இல்லாத கோரிக்கை பொருளாவதில்லை. பொருளாகாத ஒன்றை மன்றம் நிராகரிக்கவும் தேவையில்லை. யாரும் மறுக்காமலேயே அது மறுக்கப்பட்டுவிடுகிறது.

கோயில் நகரத்தில் இந்தச் சிக்கல் கூடுகிறது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும், கார்த்திகை தீபத்தின்போது நகரெங்கும் இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். அவர்களுக்குத் தூய்மையும் குடிநீரும் தருவது உள்ளாட்சியின் கடமை. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த நாள்களில் எந்த வார்டிலிருந்து எத்தனை தூய்மைப் பணியாளர்கள் மாற்றப்பட்டனர், எப்போது திரும்பினர், அந்த வார்டின் குப்பையை யார் அள்ளினர் என்பவையே நம் கேள்விகள். இவற்றுக்கான விடை எழுத்தில் இருக்க வேண்டும்.

உறுப்பினரின் கையில் இருப்பவை

நகராட்சிகளை நெடுங்காலம் ஆண்ட 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் உறுப்பினருக்குத் தெளிவான உரிமைகளைத் தந்தது. பணியில் நேர்ந்த அலட்சியத்தையும் ஒரு பகுதியின் தேவையையும் அவர் சுட்டிக்காட்டலாம். தலைவரிடம் கேள்வி எழுப்பலாம். முன்னறிவிப்புத் தந்து ஆவணங்களைப் பார்க்கலாம். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் தலைவர் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். 2023 ஏப்ரல் 13 முதல் 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறையில் உள்ளன. எனவே, கடிதம் எழுதுமுன் இவ்வுரிமைகளின் இன்றைய வடிவத்தை அந்தச் சட்டத்திலும் விதிகளிலும் பார்த்துக்கொள்க.

39 பேரில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 13 பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. விகிதப்படி வந்த உறுப்பினர்கள் மட்டும் சேர்ந்து அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது. பிற ஏழை வார்டுகளின் உறுப்பினர்களோடு கைகோப்பது அரசியல் தேவை மட்டுமன்று, கணக்கின் தேவையும்கூட.

ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். ஊழியர்கள் ஆணையரின் கட்டுப்பாட்டில் பணிபுரிகிறார்கள். உறுப்பினர் நேரடியாக வேலை ஏவ முடியாது. சொந்த வீட்டு வேலைக்குத் தூய்மைப் பணியாளரை அழைக்கவும் கூடாது. வாய்மொழியாகக் கேட்டது கோப்பில் நிற்காது. எழுத்துவழிக் கோரிக்கையும் அதற்கான ஒப்புகையும் மட்டுமே பின்னாளில் சான்றாகும்.

தடுத்தால்

1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்த தலித் ஒருவர் அதைப் பயன்படுத்துவதைச் சாதி எப்படிப் பார்த்தது என்பதற்கு அதுவே கொடிய சான்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பிரிவு 3(1)(எம்)-ஐச் சேர்த்தது. பட்டியல் சாதி, பழங்குடி உள்ளாட்சிப் பிரதிநிதியை அவரது வழக்கமான பணியைச் செய்யவிடாமல் கட்டாயப்படுத்துவதும் மிரட்டுவதும் தடுப்பதும் குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் ஆகும். கோப்பு தாமதமான ஒவ்வொரு முறையும் இப்பிரிவு பொருந்தாது. தடுத்த செயலை நாள், இடம், ஆவணத்தோடு காட்ட வேண்டும். அதற்காகவும் எழுத்து தேவை.

மாணவர்களும் இயக்கத்தினரும் செய்யக்கூடியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: ஓராண்டின் பொருள் நிரல்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், வார்டுவாரியாகத் தூய்மைப் பணியாளர் ஒதுக்கீடு. 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தந்ததை வார்டுவாரியாக அட்டவணையிடுங்கள். எந்த வார்டுக்கு எத்தனை பொருள்கள், எவை கூட்ட நாளன்று அவசரமாக வைக்கப்பட்டவை, எவை விவாதமின்றி நிறைவேறியவை எனப் பிரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று கூடிய ஏரியா சபைகள் போன்ற பகுதிக் கூட்டங்களில் அந்த அட்டவணையை வாசியுங்கள். அது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாவதை உறுதிசெய்யுங்கள்.

நம் உறுப்பினர் ஏன் பேசவில்லை என்று கேட்பது எளிது. அவர் பேச வேண்டிய பொருள் அந்தத் தாளில் இருந்ததா என்பதை முதலில் பார்ப்போம்.