ஏட்டில் எழுதிய உறுதிமொழி போதுமா?

நாளைய தலைமுறையின் வாழ்வையே மாற்றக்கூடிய செயற்கை நுண்ணறிவு சில தனியார் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. மனித குலத்தின் நலனே தங்கள் நோக்கம் என்று அவை சொல்கின்றன. அந்தச் சொல்லைக் காப்பாற்ற வைப்பது யார்? ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

2015 டிசம்பரில் அமெரிக்காவில் அது லாப நோக்கமற்ற அமைப்பாகத் தொடங்கப்பட்டது. பங்குதாரருக்கு லாபம் தேடித்தரும் கட்டாயம் இருக்கக்கூடாது என்பதே அதற்குக் காரணம். 2018இல் ஒரு சாசனமும் வெளியானது. பாதுகாப்பில் அக்கறையுள்ள வேறொரு குழு மனித ஆற்றலுக்கு நிகரான செயற்கை நுண்ணறிவை முதலில் நெருங்கிவிட்டால், போட்டியை நிறுத்திவிட்டு அதற்கு உதவுவோம் என்று அதில் எழுதினார்கள். வணிக உலகில் இப்படி எழுதிக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

ஆனால், ஆய்வுக்குத் தேவையான கணினிகளுக்கு நன்கொடைப் பணம் போதவில்லை. 2019இல் லாபம் ஈட்டும் துணை நிறுவனம் ஒன்று பிறந்தது. முதல் முதலீட்டாளர்களின் லாபம் நூறு மடங்கைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டை அறிவித்தது. எனினும், இறுதி அதிகாரம் லாப நோக்கமற்ற அமைப்பின் இயக்குநர் வாரியத்திடமே இருந்தது.

2023 நவம்பர் 17ஆம் தேதி அந்த அதிகாரத்துக்குச் சோதனை வந்தது. தலைமைச் செயல்முறை அதிகாரி சாம் ஆல்ட்மன் வாரியத்திடம் ஒளிவுமறைவின்றி நடந்துகொள்ளவில்லை என்று கூறி, அவரை வாரியம் நீக்கியது. சுமார் 770 ஊழியர்களில் 700க்கும் மேற்பட்டோர், அவரைத் திரும்ப அழைக்காவிட்டால் மைக்ரோசாஃப்டுக்குப் போய்விடக்கூடும் என்று கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். ஐந்தே நாளில் அவர் திரும்பினார். அவரை நீக்கிய நால்வரில் மூவர் வாரியத்தை விட்டு வெளியேறினர். அதிகாரம் ஏட்டில் வாரியத்திடம் இருந்தது. பணமும் ஆள்பலமும் வேறு பக்கம் இருந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா?

கதை அத்தோடு முடியவில்லை. வணிகப் பிரிவை அறக்கட்டளையின் பிடியிலிருந்து விடுவிக்கும் திட்டம் பிறகு எழுந்தது. கலிஃபோர்னியா, டெலவேர் மாநிலச் சட்டத்துறைத் தலைவர்களுடன் நடந்த பேச்சுக்குப் பின், 2025 மே மாதம் அது கைவிடப்பட்டது. அந்த அக்டோபரில் நடந்த மறுசீரமைப்பில் லாப வரம்பு போய்விட்டது. அறக்கட்டளைக்குச் சுமார் 26 விழுக்காட்டுப் பங்கு கிடைத்தது. வாரிய உறுப்பினர்களை நியமிக்கும் உரிமையும் அதனிடமே நின்றது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? நிறுவனம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வேலி பணத்தின் முன்னே வளைந்தது. எஞ்சிய வேலியைத் தாங்கியதில் வெளியே நின்ற சட்டத்துக்கும் பங்கு உண்டு. நல்ல நோக்கத்தை வரவேற்போம். ஆனால், அதைக் கண்காணிக்கும் பொறுப்பை அந்த நிறுவனத்திடமே விட்டுவிடலாகாது.