அனார்க்காவின் காயம்

ஆள்காட்டி விரலின் நுனியை மேசைமீது ஊன்றி அழுத்திக்கொண்டு நகத்தைப் பாருங்கள். அதன் இளஞ்சிவப்பு நிறம் வெளுத்துவிடும். விரலை எடுத்தால் நிறம் திரும்பும். தந்துகிகளில் ஓடும் இரத்தத்தின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 30 மில்லிமீட்டர்தான். வெளியிலிருந்து அதைவிட மிகுதியாக அழுத்தினால் ஓட்டம் தடைப்படுகிறது. நொடிப்பொழுது தடைப்பட்டால் தீங்கில்லை. பல மணி நேரம் நீடித்தால் அந்தத் திசு இறந்துபோகும். அழுத்தம் பற்றிய பாடத்தில் இந்தச் சோதனையை என் மாணவர்களைச் செய்யச் சொல்வதுண்டு. இதே கணக்கு பிரசவ அறையில் என்ன செய்கிறது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

பெண் பூப்பெய்திவிட்டால் தாயாகும் தகுதி வந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. இடுப்புக்கூட்டின் வளர்ச்சி உயர வளர்ச்சிக்குப் பின்தங்கியே வருகிறது. பூப்பெய்திய பின்னும் சில ஆண்டுகள் அது விரிந்துகொண்டிருக்கிறது. அதற்குள் கருவுற்றால், குழந்தையின் தலை குறுகிய வழியில் சிக்கிக்கொள்ளலாம். கருப்பையோ விடாமல் தள்ளுகிறது. ஒரு புறம் மண்டையோடு, மறுபுறம் இடுப்பின் முன்னெலும்பு. இடையில் நசுங்குவது சிறுநீர்ப்பை. இரண்டு மூன்று நாள் இப்படியே கழிந்தால் பெரும்பாலும் குழந்தை இறந்தே பிறக்கும். நசுங்கிய திசு சில நாட்களில் அழுகி விழ, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழுந்துவிடும். அதன்பின் இரவும் பகலும் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும். வாடை காரணமாகக் கணவன் விலக்குவான், ஊர் ஒதுக்கும். மருத்துவர்கள் இதைப் பிரசவ ஃபிஸ்டுலா என்பார்கள். (நாம் பௌத்திரம் என்று சொல்வதற்கும் ஃபிஸ்டுலா என்றுதான் பெயர், அது வேறு நோய்.) வயது முதிர்ந்த பெண்ணுக்கும் இது வரும். தக்க நேரத்தில் மருத்துவ உதவி கிடைக்காத இளம்பெண்ணுக்கோ ஆபத்து இரட்டிப்பு.

நோய் மிகப் பழமையானது. எகிப்தில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹென்ஹெனித் என்ற அரச குலப் பெண்ணின் பதப்படுத்திய உடலில் குறுகிய இடுப்புக்கூட்டையும் சிறுநீர்ப்பைக் கிழிசலையும் டெர்ரி என்ற உடற்கூற்றியலார் கண்டு 1935இல் தெரிவித்தார். அரண்மனையும் அவளைக் காக்கவில்லை.

இனி 1845ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மான்ட்கோமரி நகரம். அனார்க்கா என்ற அடிமைப் பெண்ணுக்கு அப்போது வயது சுமார் 17. மூன்று நாள் பிரசவ வேதனைப்பட்டவள். அவளையும் பெட்சி, லூசி என்போரையும் வேறு சில அடிமைப் பெண்களையும் தம் வீட்டு வளாகத்தில் வைத்துக்கொண்டு, ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் துளையைத் தைக்கும் முயற்சியில் இறங்கினார். பட்டு நூலால் தைத்தார், சீழ் பிடித்தது. மீண்டும் தைத்தார், மீண்டும் பிரிந்தது. அனார்க்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 30 முறை அறுவை நடந்தது, மயக்க மருந்தே இல்லாமல். ஈதரின் பயன் 1846இல் பாஸ்டன் நகரில் எல்லோர் முன்னிலையிலும் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகும் சிம்ஸ் அதைத் தொடவில்லை. 1849இல் வெள்ளிக் கம்பியால் தைத்தபோது காயம் ஆறியது.

அப்பெண்கள் விரும்பியே வந்தார்கள் என்று சிம்ஸ் பின்னாளில் எழுதினார். "முடியாது" என்று சொல்ல உரிமையே இல்லாதவளின் விருப்பத்தை எப்படி அளப்பது? என்னைக் கேட்டால், அந்தத் தையலின் பெருமையில் பெரும் பங்கு வலியைத் தாங்கியவளுக்கே உரியது. சிம்ஸுக்குப் புகழும் சிலையும் கிடைத்தன. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் நின்ற அச்சிலை 2018இல் அகற்றப்பட்டது. 2021இல் மான்ட்கோமரியில் அம்மூன்று பெண்களுக்கும் சிலை எழுந்தது.

1855இல் நியூயார்க்கில் சிம்ஸ் முன்னின்று தொடங்கிய மகளிர் மருத்துவமனைக்கு இந்நோயாளிகள் திரண்டு வந்தார்கள். பின்னர் செல்வ நாடுகளில் இந்த நோயே அரிதாகிவிட்டது. தையல் கலை மட்டும் அதற்குக் காரணமன்று. பிரசவம் நீள்வதைக் கண்டறியும் தேர்ந்த மருத்துவச்சிகளும், ஆபத்தில்லாத சிசேரியன் அறுவையும் வந்தபின், தலை நாட்கணக்கில் சிக்கிக் கிடக்க இடமே இல்லாமல் போயிற்று. அழுத்தம் அதேதான், அழுத்தும் நேரம்தான் குறைந்தது.

அந்த வசதி எட்டாத இடங்களில் துயரம் தொடர்ந்தது. 1959இல் கேத்தரின் ஹாம்லின், ரெஜினால்ட் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதியர் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி அமைப்பதுதான் அவர்கள் ஏற்ற வேலை. மலை கிராமங்களிலிருந்து நனைந்த துணியோடு வந்த பெண்களைக் கண்டபின் அவர்கள் திரும்பிப் போகவில்லை. 1974இல் இந்நோய்க்கென்றே மருத்துவமனை திறந்தார்கள். தைத்துக்கொண்டே இருந்தால் போதாது என்று உணர்ந்து, 2007இல் மருத்துவச்சிக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. எத்தியோப்பியா 2000இல் தன் குடும்பச் சட்டத்தைத் திருத்தி, திருமண வயதை 18 ஆக்கியது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் 50,000 முதல் 1,00,000 பெண்கள் வரை இக்காயத்துக்கு உள்ளாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

1960களின் தொடக்கத்தில் ஹாம்லின்களிடம் வந்த நோயாளிகளில் ஒருத்தி மாமிட்டு காஷே. நாட்கணக்கில் நீண்ட பிரசவத்தில் குழந்தையை இழந்தவள், பதின்வயதுப் பெண், எழுதப் படிக்கத் தெரியாது. சிகிச்சைக்குப்பின் அங்கேயே தங்கி, படுக்கை விரித்தாள். பிறகு அறுவை மேசைக்கருகே நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தாள். பார்த்துப் பார்த்தே தைக்கவும் கற்றுக்கொண்டாள். 1989இல் லண்டன் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரி ஹாம்லின் தம்பதியருடன் சேர்த்து மாமிட்டு காஷேக்கும் தங்கப் பதக்கம் அளித்தது. அவரிடம் தையல் பழகியவர்களில் பட்டம் பெற்ற மருத்துவர்களும் உண்டு.