பாலைவனத்தில் பெய்த மழை எங்கே போகிறது?

ஜெய்சல்மேருக்குப் போகிறோம் என்று சொன்னதும் தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்கோ, குரங்குக் குல்லாய் எடுத்துக்கோங்கோ, ஒட்டகத்தில் மட்டும் ஏறிடாதீங்கோ, முதுகு போயிடும். குடை எடுத்துக்கொள்ளும்படி ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். நம் சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அங்கே 20 சென்டிமீட்டருக்குப் பக்கம்தான், அதுவும் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். நாங்கள் போனது ஜனவரியில்.

ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் மேற்கே சம் என்ற இடத்தில் மணல் குன்றுகள் இருக்கின்றன. அங்கேதான் டென்ட். பேத்திக்கு 11 வயது, பேரனுக்கு 8. இரண்டு பேரும் இருட்டும்வரை மணலில் உருண்டுவிட்டு, சாப்பிட்ட கையோடு தூங்கிப்போனார்கள். நடுநிசி தாண்டி காற்று கிளம்பியது. டென்ட் துணி படபடவென்று அடித்துக்கொண்டது, மூக்கு, காது, வாய் எல்லாம் மணல். கொஞ்ச நேரத்தில் காற்று நின்று மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, நல்ல மழை. அரை மணி நேரம் பெய்திருக்கும். ஒழுகிய மூலையிலிருந்து குழந்தைகளை இழுத்து நடுவில் படுக்கப் போட்டுவிட்டு, நானும் என் மனைவியும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காலையில் டீ கொண்டுவந்த முகாம் ஆளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்தக் குளிர்கால மழைக்கு அங்கே 'மாவட்' என்று பெயராம். கடலைக்கும் கடுகுக்கும் அமிர்தம், சீரகத்துக்குத்தான் ஆகாது என்றார். நமக்கு வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மாதிரி, அவர்களுக்கு மேற்கத்திய இடையூறு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வந்து பெய்கிறது. எந்த வருஷம் வரும், எத்தனை தரம் வரும் என்று நிச்சயமில்லை.

பேரன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தாத்தா, அவ்ளோ மழை பெஞ்சுதே, தண்ணி எங்க போச்சு?" என்றான். ஒரு குட்டைகூட இல்லை. மேல் மணல் அதற்குள் காயத் தொடங்கியிருந்தது. கையால் தோண்டச் சொன்னேன். நாலு விரல் ஆழத்தில் ஈரம்.

அவனுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால் அனுபம் மிஸ்ராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரி, குளங்களைப் பற்றி இந்தியில் அருமையாக எழுதியவர், 2016-ல் காலமானார். ராஜஸ்தான் மக்கள் தண்ணீரை மூன்று வகையாகப் பிரித்திருப்பதை அவர் விளக்குகிறார். மழையாக வந்து குளத்தில் நிற்பது பாலர் பானி. ஆழத்தில் கிடைப்பது பாதாள் பானி, அது பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் நடுவே மணலில் ஈரமாகத் தங்குவது ரேஜாணி பானி. பாலைவனத்தில் சில இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் படுகை ஓடுகிறது. மழை நீரை அது கீழே விடாது, உப்புத் தண்ணீரோடு சேரவும் விடாது. மேலே இருக்கும் மணல் அந்த ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க அவர்கள் வெட்டியதுதான் 'குயி'. பெரிய கிணறு குஆன், சின்னது குயி. வாய் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து வெட்டும் அளவுதான், ஆழமோ 60 முழத்துக்கும் மேல் போவதுண்டு. வெட்டுகிறவர் தலையில் உலோகத் தொப்பி. மேலே நிற்பவர்கள் அவ்வப்போது ஒரு கைப்பிடி மணலை வேகமாக உள்ளே வீசுவார்கள். அதோடு நல்ல காற்றும் உள்ளே போகும் என்ற கணக்கு. மணல் சரியாமல் இருக்க, கல் கிடைக்காத ஊரில், ஒரு வகைப் புல்லைத் தடித்த கயிறாகத் திரித்து அடியிலிருந்து மேல்வரை சுருள் சுருளாக அடுக்குவார்கள். அடையாறில் எங்கள் வீட்டு உறைக்கிணற்றில் சிமென்ட் உறை இறக்கியதை நின்று பார்த்தவன் நான். கயிற்றையே உறையாக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

இவ்வளவு பாடுபட்டு ஒரு நாளைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று குடம். குயி அவரவர் குடும்பத்துக்குச் சொந்தம், ஆனால் அது இருப்பது ஊர்ப் பொது நிலத்தில். புதிதாக ஒன்று வெட்டினால் ஏற்கெனவே இருக்கும் ஈரம்தான் இன்னொரு பங்காகப் பிரியும் என்பதால், ஊர் சம்மதம் இல்லாமல் வெட்ட முடியாது. நம் தெருவில் ஒரு ஃபிளாட்டில் 100 அடி போர் போட்டால் பக்கத்து ஃபிளாட்டில் 150 அடி போடுகிறார்கள், யாரும் யாரையும் கேட்பதில்லை.

திரும்பும் வழியில் குல்தாரா என்ற பாழடைந்த ஊரைக் காட்டினார்கள். பாலிவால் பிராமணர்கள் இருந்த ஊர். திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் ஒரே ராத்திரியில் எல்லோரும் காலி செய்துவிட்டார்கள், சாபம் வேறு விட்டுப்போனார்கள் என்று கைடு கதை சொன்னார். குழந்தைகளுக்கு அந்தக் கதைதான் பிடித்தது. தண்ணீர் வற்றியதும் ஒரு காரணம் என்பாரும் உண்டு, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பாலிவால்கள் ஆவிக் கதையை விடப் பெரிய விஷயம் ஒன்றை விட்டுப்போயிருக்கிறார்கள். அதன் பெயர் கடீன். 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே உண்டு. பாறைச் சரிவில் ஓடிவரும் நீரைத் தாழ்ந்த பக்கத்தில் மண் கரை போட்டு மறிப்பார்கள். தண்ணீர் நின்று, ஊறி, வடிந்தபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விளையும். இன்றும் விளைகிறது.

மழை குறைவு என்று தெரிந்துதான் இத்தனை ஏற்பாடும். ஆனால் அந்த ஊர் வானத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜெய்சல்மேருக்குத் தெற்கே பார்மேர் மாவட்டம், அதுவும் பாலைவனம்தான். 2006 ஆகஸ்டில் ஒரு வருஷ மழைக்கும் அதிகமாகச் சில நாட்களில் அங்கே கொட்டித் தீர்த்தது. வறண்டு கிடந்த ஆற்றில் வெள்ளம் வந்தது. காவாஸ் என்ற கிராமம் பள்ளத்தில் இருந்ததால் வீடுகள் மூழ்கின. ராணுவம் படகில் போய் ஆட்களை மீட்டது. நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி அடையாற்றுக் கரையில் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனால் நமக்கு ஆறு இருந்தது, பக்கத்திலேயே கடல் இருந்தது, சில நாட்களில் தண்ணீர் வடிந்துவிட்டது. காவாஸில் மழை நின்றபிறகும் தண்ணீர் அப்படியே நின்றது. பாலைவன மணல் எவ்வளவு வேண்டுமானாலும் குடித்துவிடும் என்றுதானே நினைப்போம்? அந்த ஊருக்குக் கீழேயும் ஜிப்சம் படுகைதான். அது தண்ணீரைக் கீழே விடவில்லை. கடைசியில் பம்பு வைத்து இறைக்க வேண்டியிருந்தது, வாரக்கணக்கில்.