பதிவேடும் ஊதியமும்: இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரரின் நிலை, 1885 முதல்

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1885 ஜூலை 20 அன்று ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுப்பதை முறைப்படி அனுமதித்தது. அதற்கு முன்பும் பணம் கைமாறிக்கொண்டுதான் இருந்தது. லங்காஷயரின் நெசவு நகரங்களில் இருந்த கிளப்புகள் ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்து, பெயருக்கு ஓர் ஆலை வேலையும் மறைவாகப் பணமும் கொடுத்துவந்தன. 1884இல் பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் வில்லியம் சடல் இதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பிரெஸ்டன் கோப்பைப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. வடபகுதிக் கிளப்புகள் தனிச்சங்கம் தொடங்கப்போவதாக எச்சரித்த பிறகே சங்கம் இறங்கிவந்தது.

ஆட்டக்காரரின் வருமானம் உயர்ந்ததற்கு விளையாட்டின் செல்வாக்கையும் தொலைக்காட்சிப் பணத்தையும் காரணம் காட்டுவது வழக்கம். ஆனால் அரங்குகள் நிரம்பி வழிந்த பல பத்தாண்டுகளில் ஊதியம் அசையவே இல்லை. ஆட்டக்காரரின் பெயரைத் தன் பதிவேட்டில் வைத்திருக்கும் உரிமை யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதே அவருடைய வருமானத்தையும் வாழ்க்கையையும் முடிவு செய்தது என்பதை இக்கட்டுரை காலவரிசைப்படி காட்டுகிறது.

இரண்டு விதிகள்

1888இல் 12 கிளப்புகளுடன் கால்பந்து லீக் தொடங்கியது. பணக்காரக் கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் இழுத்துக்கொண்டால் போட்டி சுவையற்றுப் போகும் என்ற அச்சத்தில் 1893இல் பதிவு விதி இறுக்கப்பட்டது. ஒரு கிளப்பில் பதிவான ஆட்டக்காரர் அதன் சம்மதம் இல்லாமல் லீக்கின் வேறெந்தக் கிளப்புக்கும் ஆட முடியாது. 1901இல் இரண்டாவது விதி வந்தது: எவருக்கும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் ஊதியம் தரக்கூடாது.

இந்த விதிகள் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒப்பந்தங்கள் ஓராண்டுக்கே போடப்பட்டன. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கிளப் ஒரு பட்டியல் வெளியிடும். அதில் தக்கவைக்கப்பட்டவர் என்று பெயர் வந்தவர் கிளப் சொல்லும் ஊதியத்தை ஏற்க வேண்டும். மறுத்தால் ஊதியமும் இல்லை, வேறிடத்தில் ஆடவும் வழியில்லை. விற்பனைக்கு என்று பெயர் வந்தவர், கேட்ட விலையைக் கொடுக்க ஒரு கிளப் முன்வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலும் பதிவு முடியாது. 1905இல் ஆல்ஃப் காமன் சண்டர்லாந்திலிருந்து மிடில்ஸ்பரோவுக்கு 1,000 பவுனுக்கு மாறியபோது நாளிதழ்கள் அதிர்ச்சி தெரிவித்தன. அந்தத் தொகை கிளப்புக்குச் சேர்ந்தது. காமனின் வாராந்தர ஊதியமோ விதிப்படி 4 பவுனைத் தாண்ட முடியாது.

அக்காலத் தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் 4 பவுன் ஏறக்குறைய இருமடங்கு. சுரங்கத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்த இளைஞர்களுக்கு அது பெரிய பணம். முறை நீண்ட காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சங்கம் அமைந்த கதை

முதல் பெரிய எதிர்ப்பு பில்லி மெரெடித்திடமிருந்து வந்தது. வேல்ஸின் சர்க் என்ற ஊரில் சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போன அவர் மான்செஸ்டர் சிட்டியின் நட்சத்திர ஆட்டக்காரரானார். எதிரணி ஆட்டக்காரர் ஒருவருக்குக் கையூட்டுக் கொடுக்க முயன்றதாக 1905இல் அவர் தடை செய்யப்பட்டார். கிளப் கைவிட்டதும், அது வரம்புக்கு மேல் ஊதியம் கொடுத்துவந்ததை அவர் வெளியே சொன்னார். 1906 விசாரணையின் முடிவில் 17 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். சிட்டிக்கு இனி ஆடவே கூடாது என்றும் உத்தரவாயிற்று. மெரெடித் உட்பட நால்வர் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார்கள்.

1907 டிசம்பர் 2 அன்று மான்செஸ்டரின் இம்பீரியல் விடுதியில் கூடி ஆட்டக்காரர்கள் தங்கள் தொழிற்சங்கத்தை அமைத்தனர். 1909இல் அதற்கான அங்கீகாரத்தைக் கால்பந்துச் சங்கம் பறித்தது. உறுப்பினர்கள் விலக வேண்டும் என்ற உத்தரவுக்கு யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணிய மறுத்து, ஒதுக்கப்பட்டவர்கள் அணி என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டு தனியே பயிற்சி செய்தனர். அங்கீகாரம் திரும்பியது, விதிகள் அப்படியே இருந்தன. 1912இல் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராகக் கிங்கபி என்ற ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தின் ஆதரவுடன் தொடுத்த வழக்கு தோற்றது. வழக்குச் செலவில் தொழிற்சங்கம் திவாலாகும் நிலைக்கு வந்தது. அதன் பின் அரை நூற்றாண்டு வரை எந்த நீதிமன்றமும் பதிவு விதியை முறியடிக்கவில்லை.

நிரம்பிய அரங்கும் நிரம்பாத பையும்

வரம்பு மெல்ல நகர்ந்தது. 1922இல் 8 பவுன், 1947இல் 12, 1958இல் 20. கோடைக்கால ஊதியம் இதைவிடக் குறைவு. 1948–49 பருவத்தில் மட்டும் லீக் ஆட்டங்களைக் கண்டவர்கள் 4 கோடிக்கு மேல். 1961 அளவில் ஆலைத் தொழிலாளியின் சராசரி வாரக்கூலி சுமார் 15 பவுனை எட்டியிருந்தது. இருமடங்காக இருந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது.

இக்காலத்து ஆட்டக்காரரின் குடும்ப வாழ்க்கையும் கிளப்பின் கைக்குள் இருந்தது. பலர் குடியிருந்தது கிளப்புக்குச் சொந்தமான வீட்டில். வேறு கிளப்புக்கு மாறினாலும் ஓய்வு பெற்றாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பத்தைந்து வயதில் முடிந்துவிடும் தொழிலுக்குப் பின் மதுக்கடை, சிறு வியாபாரம், பழைய கைத்தொழில் ஆகியவையே வழி. பிரெஸ்டனின் டாம் ஃபின்னி இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்களில் 30 கோல் அடித்தவர். குழாய்ப்பணியைக் கற்று முடித்த பிறகே கால்பந்து என்று தந்தை நிபந்தனை போட்டதால், ஆடிய காலம் முழுவதும் அவர் குழாய்ப்பணித் தொழிலையும் நடத்தினார். 1952இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவரிடம் 10,000 பவுன் முன்பணம், மாதம் 130 பவுன், வீடு, கார் என்று பேசியது. பிரெஸ்டன் ஒரே மறுப்பில் பேச்சை முடித்தது. பதிவு அதன் கையில் இருந்ததால் ஃபின்னிக்கு மேல்முறையீடு செய்ய இடமே இல்லை. 1960இல் ஓய்வு பெறும் வரை அவர் வேறு எந்த லீக் கிளப்புக்கும் ஆடவில்லை.

மீறியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு நீல் ஃபிராங்க்ளின் சாட்சி. அனைத்துலகக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு வெளியே அப்போது இயங்கிய கொலம்பிய லீக்குக்கு 1950இல் ஸ்டோக் சிட்டி கிளப்பிலிருந்து போனார். சில வாரங்களிலேயே நாடு திரும்பியவருக்குத் தடை காத்திருந்தது. இங்கிலாந்து அணியின் நடுத்தடுப்பாளராக இருந்த அவர் மீண்டும் நாட்டுக்காக ஆடவே இல்லை.

1961: வரம்பு உடைந்தது

1957இல் ஃபுல்ஹாம் ஆட்டக்காரர் ஜிம்மி ஹில் தொழிற்சங்கத் தலைவரானார். அடுத்த ஆண்டு அது தொழில்முறைக் கால்பந்தாளர் சங்கம் என்று பெயர் மாறியது. செயலாளர் கிளிஃப் லாயிடுடன் சேர்ந்து அவர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். மான்செஸ்டர் கூட்டத்தில் இளம் ஆட்டக்காரர் ஒருவர், சுரங்கத்தில் உழைக்கும் தன் தந்தையைவிடத் தனக்கு அதிகம் கிடைக்கிறதே என்று தயங்கினார். தானும் சுரங்கத்தில் வேலை பார்த்தவரான போல்டனின் டாமி பேங்க்ஸ் எழுந்து, உன் தந்தையின் வேலையை என்னால் செய்ய முடியும், ஆயிரக்கணக்கானோர் முன்னால் நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸைத் தடுத்து நிறுத்த அவரால் முடியுமா என்ற பொருளில் பதில் சொன்னதாக வரலாறு. வேலைநிறுத்தத்துக்கு 1961 ஜனவரி 21 என்று நாள் குறிக்கப்பட்டது. மூன்று நாள் முன்னதாக, ஜனவரி 18 அன்று லீக் உச்சவரம்பைக் கைவிட்டது.

ஃபுல்ஹாமின் தலைவர், நகைச்சுவை நடிகர் டாமி டிரிண்டர், வரம்பு மட்டும் இல்லாவிட்டால் தன் கிளப்பின் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுன் கொடுப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தார். சொன்ன வாக்கை இப்போது காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஒரே தாவலில் ஐந்து மடங்கு ஊதியம் பெற்ற ஹேன்ஸ், வாரம் 100 பவுன் வாங்கிய முதல் ஆங்கிலேய ஆட்டக்காரர். அதே ஆண்டு அக்டோபரில் 46 வயது மேத்யூஸ் ஸ்டோக் சிட்டிக்குத் திரும்பியபோது அங்கே கூட்டம் மூன்று மடங்குக்கும் மேல் பெருகி 35,000ஐத் தாண்டியது. ஓர் ஆட்டக்காரர் கொண்டுவரும் வசூலுக்கும் அவர் பெறும் ஊதியத்துக்கும் உள்ள தொடர்பை இனி எந்த விதியும் மறைக்க முடியவில்லை.

ஈஸ்ட்ஹம் தீர்ப்பு

உச்சவரம்பு போன பிறகும் பதிவு விதி நின்றது. அதை உடைத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹம். கிளப் கொடுத்த வீடு, தேடித்தந்த பகுதிநேர வேலை ஆகியவற்றில் மனக்குறை கொண்டு 1960இல் நியூகாஸில் யுனைடெட்டில் புது ஒப்பந்தத்தை அவர் மறுத்தார். கிளப்பும் விடவில்லை. பருவத் தொடக்கத்தில் அவர் ஆடாமல் தென்னிங்கிலாந்தில் ஒரு நண்பரின் நிறுவனத்தில் வேலை பார்த்தார். நவம்பரில் நியூகாஸில் அவரை ஆர்சனலுக்கு 47,500 பவுனுக்கு விற்றது. தன் சிக்கல் தீர்ந்த பிறகும் சங்கத்தின் துணையுடன் அவர் வழக்கை நடத்தினார். 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், தக்கவைப்பையும் விற்பனையையும் இணைத்த முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார்.

அதன் பின் ஒருவரைத் தக்கவைக்க விரும்பும் கிளப், பழைய ஒப்பந்தத்துக்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டியதாயிற்று. 1978இல் ஒப்பந்தம் முடிந்தவர் விலகிச் செல்லலாம் என்ற நிலை வந்தது. ஆனால் புதிய கிளப் பழைய கிளப்புக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும். இருதரப்பும் ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயம் தொகையை முடிவு செய்யும். அடுத்த ஆண்டே டிரெவர் ஃபிரான்சிஸ் பத்து லட்சம் பவுன் பரிமாற்றமாக நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனார்.

இதே காலத்தில் புகழ் வாழ்க்கையும் தொடங்கிவிட்டது. மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜார்ஜ் பெஸ்ட் விளம்பரங்களிலும் உடைக்கடையிலும் பணம் பார்த்தார். 1968இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர், 1974 தொடக்கத்தில், 27 வயதில், அக்கிளப்பை விட்டு விலகினார். குடிப்பழக்கம் 2005இல் உயிரைப் பறித்தது. கிளப்பின் கட்டுப்பாடு தளர்ந்த இடத்தில் இளம் ஆட்டக்காரருக்கு வழிகாட்டும் ஏற்பாடு எதுவும் அப்போது இருக்கவில்லை.

பாஸ்மனும் அதன் பின்னும்

ஒப்பந்தம் முடிந்தவருக்கும் விலை கேட்கும் வழக்கம் பெல்ஜியத்தில் முறிந்தது. 1990இல் லியேஜ் கிளப்புடன் ழான்-மார்க் பாஸ்மனின் ஒப்பந்தம் முடிந்தது. புது ஒப்பந்தத்தில் ஊதியம் கால்பங்காகக் குறைந்தது. பிரான்சின் டன்கெர்க் கிளப்புக்குப் போகவும் முடியவில்லை. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்கு விலையின்றிப் போகலாம் என்றும், ஒன்றியக் குடிமக்களை அயல்நாட்டவராக எண்ணிக் கட்டுப்படுத்தும் வரம்பு செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. முன்பு பழைய கிளப்புக்குப் போன தொகையில் ஒரு பகுதி இனி ஆட்டக்காரரின் ஊதியமாகவும் ஒப்பந்தக் கொடையாகவும் மாறியது. 2001இல் சோல் காம்பெல் டாட்டன்ஹாமிலிருந்து ஆர்சனலுக்கு விலையின்றிப் போனது இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. வழக்காடிய பாஸ்மனுக்கு அந்த வளம் கிட்டவில்லை. ஆட்ட வாழ்க்கை வழக்கிலேயே கரைந்தது; பின்னாளில் மனச்சோர்வுடனும் குடியுடனும் போராடினார்.

1992இல் பிரீமியர் லீக் ஐந்தாண்டு ஒளிபரப்புக்கு 304 மில்லியன் பவுன் ஒப்பந்தம் செய்தபோது பணப்பெருக்கு தொடங்கியிருந்தது. பாஸ்மன் தீர்ப்பு அந்தப் பணம் ஆட்டக்காரரிடம் வந்துசேர வாய்க்கால் வெட்டியது. 2001இல் ஐரோப்பிய ஆணையத்துடன் பேசி அனைத்துலகக் கூட்டமைப்பு விதிகளைத் திருத்தியது. 23 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயிற்சி ஈட்டுத்தொகையும், ஒப்பந்தத்துக்கு ஐந்தாண்டு உச்சவரம்பும் வந்தன. ஒப்பந்தத்தின் நடுவே விலகுபவர்மீது அந்த விதிகள் சுமத்திய பொறுப்பு அதன் பின் வழக்குப் பொருளானது. லொகோமோடிவ் மாஸ்கோவை விட்டு விலகியபோது ஷார்லெருவா கிளப்பில் சேர முடியாமல் போன லசானா டியாரா தொடுத்த வழக்கில், அவ்விதிகளில் சில ஒன்றியச் சட்டத்துக்கு முரணானவை என்று 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தம் முடிந்த பிறகான உரிமையில் தொடங்கிய வழக்குகள் இவ்வாறு ஒப்பந்தக் காலத்துக்கு உள்ளேயே உள்ள உரிமைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.