மடக்குக் கத்தி வாங்கப் போறீங்களா? எடையை மட்டும் பார்க்காதீங்க.. ‘லாக்’ ஏன் முக்கியம்?

பார்சல் பிரிக்க, பழம் நறுக்க, கயிறு அறுக்க என தினசரி பாக்கெட்டில் வைத்துக்கொள்ள சின்ன மடக்குக் கத்தி தேடுபவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை கிராம்?’ என்பதைத்தான். உலக அளவில் பிரபலமான நான்கு கத்திகளின் எடை 21 கிராமில் இருந்து 71 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது எல்லாமே ஒரு செல்போனின் எடையில் பாதிகூட இல்லை. உண்மையான வித்தியாசம் பிளேடு, ஸ்டீல், லாக் ஆகியவற்றில்தான்.

லாக் என்றால் என்ன?

திறந்த பிளேடு தானாக மடங்காமல் பிடித்து நிறுத்தும் அமைப்புதான் லாக். இது இல்லாத கத்தியில் பிளேடின் முனையை வைத்து அழுத்தினால், அது சட்டென மடங்கி விரலை வெட்டிவிடும்.

நான்கும் எப்படி?

விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி (சுவிட்சர்லாந்து): 21 கிராம், மடக்கினால் 58 மி.மீ. கத்தரி, நகம் தேய்க்கும் அரம், சாமணம் எல்லாம் உண்டு. சாவிக்கொத்திலேயே மாட்டிக்கலாம். ஆனா லாக் கிடையாது. நூல், கவர், டேப் வெட்ட மட்டும் சரி.

ஒபினல் எண் 8 (பிரான்ஸ்): சுமார் 45 கிராம், 8.5 செ.மீ. பிளேடு, மரக் கைப்பிடி. கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்பினால்தான் லாக் ஆகும். திருப்ப மறந்தால் பாதுகாப்பு இல்லை. பழம், காய்கறி நறுக்க அருமை. கார்பன் ஸ்டீல் மாடல் ஈரத்தில் துருப்பிடிக்கும். கடலோர ஊர்க்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் மாடல்தான் நல்லது. ஈரம் ஏறினால் மரம் உப்பி, திறப்பதும் கஷ்டமாகும்.

பெஞ்ச்மேட் பக்அவுட் (அமெரிக்கா): 2017-ல் வந்தது. சுமார் 52 கிராம், 8.2 செ.மீ. பிளேடு. லாக் உறுதியானது, ஒரு கையாலேயே திறந்து மூடலாம். நான்கில் விலை அதிகம் இதற்குத்தான்.

ஸ்பைடர்கோ டெலிகா 4: அமெரிக்க நிறுவனம், தயாரிப்பு ஜப்பான். 71 கிராம். பிளேடு 7.5 செ.மீ.க்குள். கைப்பிடியின் முதுகுப் பக்கத்தில் லாக். பிளேடில் உள்ள வட்டத் துளையில் கட்டை விரலை வைத்துத் திறக்கலாம்.

லாக் இருந்தால் சட்டச் சிக்கலா?

பிரிட்டனில் ஆமாம். அங்கே தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கொண்டு செல்லும் மடக்குக் கத்தியின் பிளேடு 3 அங்குலத்தை (7.62 செ.மீ.) தாண்டக் கூடாது, லாக்கும் இருக்கக் கூடாது. டெலிகாவின் நீளம் சரியாக இருந்தாலும் லாக் இருப்பதால் சிக்கல். நான்கில் தப்பிப்பது விக்டோரினாக்ஸ் மட்டும்தான். விரலைக் காப்பாற்றும் அதே லாக், அங்கே வழக்கில் மாட்டிவிடும்.

இந்தியாவில் என்ன நிலை?

9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடுகள் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயத்துக்கென்றே செய்யப்பட்டவைக்கு விலக்கு உண்டு. இந்த நான்கும் அந்த அளவை நெருங்கவே இல்லை. ஆனால் டெல்லி போன்ற இடங்களில் பட்டன், ஸ்பிரிங் கத்திகளுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. செக்-இன் லக்கேஜில்தான் வைக்க வேண்டும். சாவிக்கொத்தில் இருக்கும் 21 கிராம் கத்திதான் பலருக்கு மறந்துபோகும், ஜாக்கிரதை.

அப்போ எதை வாங்கலாம்?

கவர், டேப் மட்டும் வெட்டுவோருக்கு விக்டோரினாக்ஸ் போதும். சாப்பாட்டு வேலைக்கு ஒபினல். அட்டைப்பெட்டி, கயிறு என தினமும் அழுத்தி வெட்டும் வேலை இருந்தால் டெலிகா அல்லது பக்அவுட். வெளிநாடு கிளம்பும் முன், அந்த நாட்டின் விதியைப் பார்த்துவிட்டு பாக்கெட்டில் போடுவது நல்லது.