கோட்டை நிழலில் குடியிருப்போர்

குடிபாலாவில் வாழும் நமக்கு எத்திசை சென்றாலும் பழைய அரசர்களின் சுவடுகள் தென்படுகின்றன. 1960 ஏப்ரல் 1இல் வகுத்த எல்லைக்கு அப்பால், பொன்னையாற்றங்கரை மேல்பாடியில், தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக இராசராசன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் நிற்கிறது. வடக்கே, விசயநகர வேந்தரின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்றான சந்திரகிரி. ரேணிகுண்டாவை அடுத்த குடிமல்லத்திலோ, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதென அறிஞர் பலர் கருதும் இலிங்கமும், தமிழ்க் கல்வெட்டுகள் பொறித்த கோயிலும் உள்ளன.

இவை யாவும் மத்திய தொல்லியல் துறையின் காவலில் இருப்பவை. இவற்றின் பெருமையை நம் மலர்களில் பலர் எழுதிவிட்டனர். ஆனால் இச்சின்னங்களின் அருகே ஓட்டு வீட்டிலும் தாழ்வார வீட்டிலும் தலைமுறைகளாகக் குடியிருப்போரின் கதையை எழுதியோர் மிகச் சிலரே. சட்டம் அவர்களிடம் என்ன கேட்கிறது என்பதை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

கர்சன் பிரபுவின் காலத்தில், 1904இல், புராதனச் சின்னங்களைக் காக்கும் முதற் பெருஞ்சட்டம் வந்தது. அதன் நோக்கு பெரும்பாலும் சின்னத்தின் மீதே இருந்தது. விடுதலைக்குப் பின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அண்டை வீட்டாரைத் தொட்ட ஆணை 1992 ஜூன் 16இல் வெளியாயிற்று. காவல் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இடையில், தடைப் பகுதியிலும் ஒரு குழுவின் பரிந்துரையால் சிலருக்கு அனுமதி கிடைத்து வந்தது. அது சட்டத்துக்கு ஒவ்வாதென்று 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 2010இல் திருத்தச் சட்டம் வந்து, ஆணையாக இருந்ததைச் சட்டமாகவே இறுக்கிவிட்டது.

நூறு மீட்டர் என்றால் சிறிதெனத் தோன்றும். ஒரு புள்ளியைச் சுற்றி அவ்வளவு தூரம் வட்டம் வரைந்தாலே ஏறத்தாழ ஏழே முக்கால் ஏக்கர் அடங்கும். முந்நூறு மீட்டர் வட்டத்தில் எழுபது ஏக்கர். கோயிலைச் சுற்றியே வளர்ந்த நம் சிற்றூர்களில் அவ்வட்டத்துக்குள் பழைய ஊர் முழுவதுமே விழுந்துவிடக்கூடும். தாஜ்மகாலுக்கும் இதே அளவு; வடநாட்டுச் சாலையோரத்தில் மொகலாயர் நட்ட தூரங்காட்டும் தூணுக்கும் இதே அளவு. அளவுகோலுக்குக் கண் இல்லை போலும்!

தடைப் பகுதியில் புதிய கட்டடம் எழுப்ப இயலாது. மாடி ஏற்றுவதும் பக்கவாட்டில் ஓர் அறை சேர்ப்பதும் புதுக் கட்டுமானமே. மீறினால் ஈராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம். அதற்கும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து, தேசியச் சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரை பெறவேண்டும். மூத்தவனுக்கு மணமாகி இளையவனும் தனிக்குடித்தனம் வைக்க விரும்பும் வீட்டில், தந்தை யாருக்கு எந்த அறையைத் தருவார்? மண்ணை விற்றுவிட்டுப் போகலாமெனில், கட்ட முடியாத மனைக்கு விலை சொல்வார் யார்?

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. பழுதுபார்த்தல் வேறு, மீண்டும் கட்டுதல் வேறு என்று சட்டம் பிரிக்கிறது. சுவர் சாய்ந்திருக்கும்போது விண்ணப்பித்தால் வழியுண்டு. மழையில் வீடு முழுதும் இடிந்து வீழ்ந்தபின் சென்றால், அதே அளவில் திரும்பக் கட்டவும் தடைப் பகுதியில் இடமில்லை. சின்னத்தின் அழகைக் காக்கவந்த விதி, அதனருகே நிற்கும் முற்றமும் தூண்களும் கொண்ட பழைய இல்லத்தைக் காப்பதில்லை. அது வீழ்ந்தால் வெற்றுமனையை மட்டும் காக்கிறது.

எனினும் இவ்விதியே வேண்டாமென்று நாம் கூறமாட்டோம். விதி ஏதுமில்லாத செட்டிநாட்டில் எத்தனையோ மாளிகைகள் பிரிக்கப்பட்டு, தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைப்பொருளாயின. திருப்பதி நகரம் பெருகும் வேகத்தில், தடையின்றேல் சந்திரகிரிக் கோட்டையின் மதிலோரம் இன்று எப்படியிருக்கும் என்பதை ஊகிக்க அரிய கற்பனை வேண்டா. நாம் வேண்டுவது அளவிலே நியாயம். ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் இடமறிந்து தனித் துணைவிதிகள் வகுக்கவேண்டுமென்று 2010ஆம் ஆண்டுத் திருத்தமே கூறுகிறது. ஆனால் அவை நூறு மீட்டர்த் தடையைத் தளர்த்தமாட்டா. அதனைப் பொதுப்பணிகளுக்காக மட்டும் தளர்த்த முனைந்த மசோதா 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியும் மாநிலங்களவையைத் தாண்டவில்லை. அதிலும் குடியிருப்போர் வீட்டுக்கு வழி சொல்லப்படவில்லை.

இத்தகைய ஊர்களில் உறவுமுறையார் உள்ள குடும்பங்கள் நம்மிடையே இருப்பின், வீடு 1992க்கு முற்பட்டதெனக் காட்டும் பத்திரம், வீட்டுவரி ரசீது, மின் இணைப்புச் சீட்டு முதலியவற்றைத் தேடி ஒருங்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே கொடுத்துவிடவும் சொல்லுங்கள்.