உரிமம்

'உரி' என்றால் ஒருவருக்குச் சொந்தமாதல், தகுதியாதல். அதிலிருந்து வந்த பழஞ்சொல் உரிமை. திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' அதிகாரம் அதை உடைமை என்ற பொருளில் அல்ல, ஒரு வேலைக்குரிய தகுதி என்ற பொருளில் ஆள்கிறது. உரிமம் அதே வேரில் ஆட்சித்தமிழ் பிற்காலத்தில் வார்த்த சொல். பேச்சில் அது இன்னும் ஏறவில்லை. மலேசியாவின் ஜொகூர் பாருவில் கேட்டால் 'லைசென்ஸ்', மலாயில் 'லெசென்'.

உரிமைக்கும் உரிமத்துக்கும் உள்ள தூரம், வயரிங் தொழில் நடத்தும் ஒரு கம்பெனியை விலைக்கு வாங்கும்போதுதான் உறைக்கும். வேன், கருவிகள், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் கைமாறும், அது உரிமை. வயர்மேனின் தகுதிச் சான்றிதழோ அவர் பெயரில் இருப்பது. அவர் விலகினால் அதுவும் அவரோடு போய்விடும். மின் குத்தகையாளராகப் பதிய எரிசக்தி ஆணையம், கட்டுமானக் குத்தகை என்றால் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம், கடைக்கு மாநகராட்சி மன்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். காசைக் கொடுக்கும் முன் இந்த வாசல்களை ஒரு சுற்று ஏறி இறங்கிவிடுவது நல்லது.

இப்படி அனுமதி பெற்றுத் தொழில் செய்வது ஜொகூருக்குப் புதிதுமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரைகளில் மிளகும் கேம்பியரும் பயிரிட, சீனத் தலைவர்களுக்கு ஆட்சியாளர் தந்த அனுமதித் தாளின் பெயர் 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுக் கடிதம். அந்த முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது.